மூன்று மரணங்கள், இரண்டு மருத்துவர்கள்: தலைமைக்கு நோக்கம் எப்போது தெளிகிறது?

1. கேள்வி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தோற்றத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் ஓர் இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இடம் திண்டிவனம் மிஷன் பங்களா. நோயுற்ற தாய்க்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாள் ஓர் இளம்பெண். வாசலில் ஒரு பிராமணர் வந்து நிற்கிறார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்கிறார். நான் மருத்துவர் இல்லை, அப்பாதான் மருத்துவர், அவரை அழைத்துப்போங்கள் என்கிறாள் அவள். அந்நிய ஆண் தன் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு ஒப்பாமல் அவர் திரும்பிப் போகிறார். பிறகு ஒரு முஸ்லிம் வருகிறார், அவருக்குப் பின் இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே மறுப்பு. விடிந்ததும் சாவுமேளம் கேட்கிறது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அறைக்குள் தனித்திருந்துவிட்டு வெளியே வந்தவள், டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று பெற்றோரிடம் சொல்கிறாள். அவர்தான் ஐடா ஸ்கடர்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கதையும் மூன்று சாவுகளில்தான் தொடங்குகிறது. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1918இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர் அவர். உறவுப் பெண்கள் மூன்று பேர் பேறுகாலச் சிக்கலில் அடுத்தடுத்து இறந்தபோது அவருக்குப் பத்து வயதுவாக்கு. மருத்துவராவது என்று அப்போதே முடிவு செய்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் எனக்குக் கேள்வி பிறந்தது. ஐடா, அந்த இரவு சொன்னபடியே பெண்களுக்கான மருத்துவரானார். வெங்கடசாமியும் மகப்பேறு மருத்துவத்தை நோக்கித்தான் போனார். ஆனால் அந்தப் பாதை நடுவில் முறிந்தது, உலகம் அவரை அறிந்தது கண் மருத்துவராக. தொடக்கத்துக் கணமே ஒரு தலைவருக்கு நோக்கத்தைத் தருகிறது என்றால், வெங்கடசாமியின் நோக்கம் எங்கிருந்து வந்தது? ஐடாவினுடையதுகூட அந்த இரவில்தான் வந்ததா?

2. இதுவரை சொல்லப்பட்டவை

தலைமைக்கு நோக்கத் தெளிவு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் பிலிப் செல்ஸ்னிக் 1957இலேயே, நிறுவனம் எதற்காக இருக்கிறது என்பதை வரையறுப்பதுதான் தலைவரின் முதல் வேலை, நிர்வாகம் அதற்குப் பிறகுதான் என்று வாதிட்டார். வேறுபாடு தொடங்குவது அந்தத் தெளிவு வரும் வழியில்.

ஒரு தரப்பு, அது உள்ளே ஏற்கெனவே இருக்கிறது, தோண்டி எடுக்க வேண்டும் என்கிறது. சைமன் சினெக்கின் 2009ஆம் ஆண்டு நூல் 'ஏன்' என்ற கேள்வியிலிருந்து தொடங்கச் சொன்னது. நிக் கிரெய்க், ஸ்காட் ஸ்னூக் இருவரும் 2014இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை, இளமை நினைவுகளையும் வாழ்வின் கடும் சோதனைகளையும் கிளறித் தம் நோக்கத்தை ஒரே வாக்கியமாக்கும்படி மேலாளர்களுக்கு வழிகாட்டுகிறது. இன்றைய பயிலரங்குகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை.

மறுதரப்பு செயலை முன்னால் வைக்கிறது. மின்ட்ஸ்பெர்க்கும் வாட்டர்ஸும் 1985இல், திட்டமிட்ட உத்தியையும் நடக்க நடக்கத் திரண்டுவரும் உத்தியையும் பிரித்துக் காட்டினார்கள். கார்ல் வைக், மனிதர்கள் செய்து முடித்ததைத் திரும்பிப் பார்த்தே அதற்குப் பொருள் கட்டுகிறார்கள் என்றார். ஹெர்மினியா இபார்ரா 2003இல், தொழில் மாறியவர்களை ஆராய்ந்து, அவர்கள் முதலில் தம்மை அறிந்துகொண்டு பிறகு மாறவில்லை, சின்னச் சின்ன முயற்சிகளில் இறங்கி அவற்றின் வழியே தம்மை அறிந்துகொண்டார்கள் என்று கண்டார்.

நம் மொழியும் இதில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. 'நோக்கம்' என்ற சொல்லின் வேர் நோக்குதல், பார்த்தல். பார்ப்பதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். குறளின் அமைச்சியலில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. வள்ளுவர் தூய்மையையும் திண்மையையும் வினையோடு பிணைத்தே பேசுகிறார். வினைக்கு முந்திய நோக்கத்துக்கென்று அங்கே தனி அதிகாரம் இல்லை.

ஓர் இடைச்செருகல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்க அலுவலகத்தில் சான்றிதழுக்காகக் காத்திருந்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பலகை ஒன்று. மேலே 'தொலைநோக்கு', அதற்குக் கீழே 'நோக்கம்'. நோக்கத்தின் மூன்றாவது வரிக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் ஒரு நகைக்கடைக் காலண்டர் மறைத்திருந்தது. எழுத்தரிடம் கேட்டதற்கு, “அது ஆய்வுக்கு வந்தப்ப மாட்டினது சார்” என்றார். முதல் தரப்பின் கருத்து நடைமுறைக்கு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. அதற்காக அந்தக் கருத்தையே தள்ளிவிட முடியாது. ஐடா ஸ்கடர் அந்த இரவை அறுபது ஆண்டுகள் சுமந்தார் என்பதும் உண்மை.

3. திண்டிவனத்து இரவு

முதலில் காலக்கணக்கு. ஐடா திண்டிவனத்துக்கு வந்தது 1890இல். பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895இல். அந்த இரவு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கதையில் இரவு, விடியல், முடிவு எல்லாம் ஒரே மூச்சில் வந்துபோகின்றன. வாழ்க்கையில் இடைவெளிகள் இருந்தன.

இரண்டாவது, இந்தக் கதை நம்மை எட்டிய வழி. அதைச் சொன்னவர் ஐடாவே. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் பணம் திரட்ட அமெரிக்கத் திருச்சபைக் கூடங்களில் அவர் பலமுறை சொன்ன கதை இது. கேட்டவர்கள் வேதாகமத்தில் ஊறியவர்கள். இரவில் ஒரு குரல் சிறுவன் சாமுவேலைக் கூப்பிடுகிறது, அவன் மும்முறையும் தவறாக விளங்கிக்கொண்டு ஏலியிடம் ஓடுகிறான். அவர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். மூன்று கதவுத்தட்டல் என்றதுமே அவர்கள் காதில் விழுந்திருப்பது 'அழைப்பு' என்ற சொல்தான். நிகழ்ச்சி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்த ஒன்று, சொல்லிச் சொல்லி ஒரு பழைய அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது என்கிறேன். நான் படித்த எந்த விவரிப்பிலும் இறந்த பெண்களுக்குப் பெயர் இல்லை. கணவர்களுக்கும் சாதி, மத அடையாளங்கள் மட்டுமே உண்டு. அழைப்புக் கதையில் அழைக்கப்பட்டவருக்குத்தான் பெயர்.

மூன்றாவது, அந்த இரவு புதிதாக எதைக் காட்டியது என்பது. துயரம் ஐடாவுக்குப் புதிதில்லை. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர், 1876–78 பஞ்சத்தைக் குழந்தையாகக் கண்டவர். மருத்துவமும் புதிதில்லை. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி, தந்தையும் மருத்துவர். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து தப்பித்து அமெரிக்காவில் வாழ்வதுதான் அவருடைய ஆசையாக இருந்தது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்பதும் அன்றைய சென்னை மாகாணத்தில் யாரும் அறியாத உண்மை இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதே ஷார்லீப்பின் முயற்சியில் 1885இல் தொடங்கிய மருத்துவமனைதான், திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற இடம். பெண்களின் மருத்துவ உதவிக்கான டஃபரின் சீமாட்டியின் நிதியும் அதே ஆண்டில் தொடங்கியது. பொது அறிவாக ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் அந்த இரவு ஐடாவுக்குச் சொன்னது.

அப்படியானால் அதன் ஆற்றல் எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, கூப்பிட்டால் நள்ளிரவிலும் வரத் தயாராக இருந்தார். ஆனாலும் மூன்று பேர் செத்தார்கள். இல்லாமல்போனது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று, வாசலில் நின்ற பெண்ணின் அளவுக்கே வெட்டி வைத்தது போல இருந்தது. ஏழைகளுக்குச் சேவை என்ற பெரும்பரப்பு, பூட்டிய கதவுக்கு உள்ளே போகக்கூடிய டாக்டர் என்ற ஓர் அடி அகலத்துக்குச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைத்தான் இக்கட்டுரை தெளிவு என்று குறிப்பிடுகிறது.

அந்தத் தெளிவும் நீடிக்கவில்லை. 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ஐடா, 1900இல் வேலூர் பங்களாவின் ஓர் அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அதே ஆண்டு தந்தை இறந்தார். அமெரிக்க வங்கியாளர் ஒருவர் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. பிறகு வரிசைகள் நீண்டன. 1909இல் ஒரு மோட்டார் வண்டி வந்தது. குடியாத்தம் சாலையில் வண்டி போகும் நாளில் மரத்தடிகளில் ஆட்கள் காத்திருப்பார்கள். வண்டி நிற்கும், மருந்துப் பெட்டி திறக்கும், புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள், அடுத்த மரத்தடிக்குப் போவார்கள். ஒரு நாளில் எத்தனை மரத்தடி முடியும்? ஒரே ஒரு பெண் மருத்துவர் என்ற தீர்வு போதவே போதாது என்பதை எந்த இரவும் அவருக்குச் சொல்லவில்லை, சாலையோரத்துக் கூட்டம் சொன்னது. 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 'நான் டாக்டராவது' என்பது 'டாக்டர்களை உண்டாக்குவது' என்று மாற அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. நிறுவனத்தின் உண்மையான நோக்கம் இந்த இரண்டாவதுதான். ஆனால் நிறுவனர் நாளில் யாரும் மரத்தடிக் கதையிலிருந்து தொடங்குவதில்லை.

4. லூசி பீபாடியின் வழக்கு

நோக்கத்தின் தெளிவைச் சோதிக்க நல்ல இடம் அது மோதலுக்கு உள்ளாகும் இடம். வேலூருக்கு அது 1930களின் இறுதியில் வந்தது. சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. என்ற பழைய மருத்துவச் சான்றுப் படிப்பை நிறுத்தி, இனி மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. வேலூர் தந்துவந்தது எல்.எம்.பி. பல்கலைக்கழக இணைப்புக்கு அதிகப் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வகங்கள், இவற்றுக்கெல்லாம் பெரும்பணம் தேவைப்பட்டன. பெண்கள் மிஷன் சபைகளின் நன்கொடை மட்டும் இதற்குக் காணாது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக மாற்றலாம் என்ற யோசனை எழுந்தது.

கடுமையாக எதிர்த்தவர் லூசி பீபாடி. ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்காவில் இயக்கம் நடத்திப் பணம் திரட்டியவர், ஐடாவின் நெடுநாள் தோழி. பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணம் இது, ஆண்கள் கல்லூரியில் கரைக்க உங்களுக்கு உரிமையில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். வேலூர் பற்றிய எழுத்துகளில் பீபாடி பெரும்பாலும் காலம் புரியாத பிடிவாதக்காரராகவே வருகிறார். அது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

அவருடைய அச்சத்துக்கு முன்னுதாரணம் இருந்தது. பிளாக்வெல் சகோதரிகள் நியூயார்க்கில் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரி 1899இல் மூடப்பட்டது. கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது, இனித் தனிக் கல்லூரி எதற்கு என்பதே காரணம். மாணவிகள் பலர் கார்னெலுக்கு மாறினார்கள். அதன் பிறகு பெண்களுக்கென இருந்த மற்ற அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. பிலடெல்பியாவில் இருந்தது மட்டும் தாக்குப்பிடித்தது. கதவு திறந்தபோது பெண்கள் மாணவிகளாக உள்ளே போனார்கள், ஆனால் தலைமைப் பதவிகளும் பேராசிரியர் நாற்காலிகளும் கைவிட்டுப்போயின.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐடா படிப்பைத் தொடங்கியது அந்தப் பிலடெல்பியாக் கல்லூரியில், 1899இல் பட்டம் பெற்றது கார்னெலில், பெண்களுக்குக் கதவு திறந்த முதல் அணியில். இரண்டு ஏற்பாடுகளையும் உள்ளிருந்து பார்த்தவர் அவர். பீபாடியின் அச்சம் அவருக்குப் புரியாமல் இருந்திருக்க வழியில்லை.

இருந்தும் அவர் கூட்டுக் கல்லூரியின் பக்கம் நின்றார். 1941இல், எழுபது வயதில், பணம் திரட்ட மறுபடியும் அமெரிக்கா போனார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947இல் ஆண்கள் சேர்ந்தார்கள். இதை நோக்கத் துரோகம் என்று ஒருவர் படிக்கலாம், பிழைக்கும் வழி என்று இன்னொருவர். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பீபாடி நோக்கத்தை நிறுவனத்தின் வடிவமாகக் கண்டார்: பெண்களின் கல்லூரி. ஐடா அதை நோயாளியின் வாசலிலிருந்து கண்டார்: இந்தக் கதவுக்குள் தகுதியான மருத்துவர் போக வேண்டும். அரசு தகுதியின் அளவுகோலையே மாற்றிவிட்ட பிறகு, பழைய வடிவத்தைக் காப்பாற்றுவது மாணவிகளை இரண்டாந்தர மருத்துவர்களாக்கிவிடும். 'பெண்களுக்கு மட்டும்' என்ற சொல்லை விட்டுக்கொடுக்க முடிந்த அன்றுதான் அவர் எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது வெளிப்பட்டது. அவருக்கேகூட அதற்கு முன் அது இவ்வளவு துலக்கமாகத் தெரிந்திருக்குமா என்பது எனக்கு ஐயம்தான்.

5. விரல்கள் மடங்கிய பிறகு

வெங்கடசாமியிடம் கதை வேறு திசையில் போகிறது. 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம், அடுத்து ராணுவ மருத்துவப் பணி. மகப்பேறு மருத்துவம்தான் அவர் தேர்ந்த துறை. சிறுவயதுத் தீர்மானம் கைகூடும் இடத்துக்கு வந்துவிட்டார். அப்போது முடக்குவாதம் தாக்கியது. 1948இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். நிற்க முடியவில்லை, விரல்கள் மடங்கி நிரந்தரமாகத் திருகிக்கொண்டன. பிரசவ அறையில் மணிக்கணக்கில் நிற்கிற தொழில் இனி இல்லை என்றானது.

கண் மருத்துவம் அதற்குப் பிறகு வந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகினார். அந்தக் கைகளால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1956இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். கண் முகாம்களை நடத்தியதும் கிராமங்களுக்கு ஓடியதும் அங்கிருந்தபோதுதான். 1976இல் அரசுப் பணி ஓய்வு. அதே ஆண்டு மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது.

உள்ளே இருப்பதைத் தோண்டி எடு என்று சொல்லும் தரப்புக்கு இது சங்கடமான சான்று. வெங்கடசாமி இளமை நினைவைக் கிளறியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது பிரசவ மருத்துவம். அவர் கண்ணுக்கு வந்தது உடல் முறிந்ததால், தனி மருத்துவமனைக்கு வந்தது பணிமூப்பு விதியால். தெளிவு என்று நாம் பின்னால் போற்றுவதன் இரண்டு பெரிய திருப்பங்களும் அவர் தேர்ந்தெடுக்காதவை.

இதற்கு ஆன்மிக விளக்கம் ஒன்று உண்டு. அவர் ஸ்ரீ அரவிந்தரின் பக்தர், மருத்துவமனையின் பெயரே அதைச் சொல்கிறது. மேலாண்மை விளக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எந்த ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே பண்டத்தைக் கொடுக்க முடிகிறதென்றால் கண் அறுவையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று அவர் கேட்டது வணிகப் பள்ளிகளில் பெயர்பெற்ற செய்தி. ஹார்வர்டு 1993இலேயே அரவிந்தைப் பாடமாக்கியது. மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத் 2004இல் தம் நூலில் சேர்த்தார். ஆசிரமத்தார் ஆசிரமத்தைக் காண்கிறார்கள், வணிகப் பள்ளியார் பர்கர் கடையைக் காண்கிறார்கள். இருவருமே ஒரு தனிமனிதரின் மனத்துக்குள் தேடுகிறார்கள்.

வெளியே பார்த்தால் வேறு சில தெரியும். கண்பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் இந்தியாவில் தொடங்கியதும் அதே 1976இல்தான். முகாம் நடத்தும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. வெங்கடசாமியின் தங்கை ஜி. நாச்சியார், அவர் கணவர் பி. நம்பெருமாள்சாமி ஆகிய கண் மருத்துவர்கள் இல்லாமல் அந்த வீட்டில் விளக்கு எரிந்திருக்காது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடித்ததும் எடுத்து, இரண்டாண்டு பயிற்சி தந்து கண் மருத்துவ உதவியாளர்களாக்கிய முறையில் நாச்சியாரின் பங்கு பெரிது. அரவிந்தின் வேகம் அந்தப் பெண்களின் தோளில்தான் நிற்கிறது.

அறுவை அரங்கில் இது கண்கூடு. இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைத் துடைத்து, துணி போர்த்தித் தயாராக்கி வைக்கிறார்கள் உதவியாளர்கள். மருத்துவர் ஒரு கண்ணை முடித்ததும் நுண்ணோக்கியை அடுத்த மேசைக்குத் திருப்புகிறார். இப்படித்தான் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்கிறார். தலைவரின் நோக்கம் என்று நாம் எழுதும்போது, துணி போர்த்தும் அந்தக் கைகள் வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை.

6. ஓர் அடைமொழியின் வேலை

அரவிந்த் தன் இலக்காக வைத்துக்கொண்டது 'தவிர்க்கக்கூடிய' பார்வையிழப்பை ஒழிப்பது. அந்த அடைமொழியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

பார்வையிழப்பை ஒழிப்போம் என்றிருந்தால் அது சுவர்ப்பலகை வாசகம். 'தவிர்க்கக்கூடிய' என்ற சொல் ஏறியதும் கணக்கு தொடங்கிவிடுகிறது. எது தவிர்க்கக்கூடியது? அன்றைய இந்தியாவில் பார்வையிழப்பின் முதல் காரணம் கண்புரை. அதற்குத் தீர்வு உண்டு, அந்தத் தீர்வு குறுகிய நேரத்து அறுவை. அப்படியென்றால் பார்வையற்று உட்கார்ந்திருக்கும் பெரும்பாலானோர் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சொல் குற்றஞ்சாட்டுகிறது. கூடவே சிலவற்றை வெளியே தள்ளவும் செய்கிறது. அரிதான நோய்களுக்கான உலகப் புகழ் மையமாவது முதல் வேலையாக இருக்க முடியாது, பணம் உள்ளவருக்கு மட்டுமான மருத்துவமனையாகவும் இருக்க முடியாது.

அடுத்தடுத்த முடிவுகளையும் அந்த அடைமொழி இழுத்துவந்தது. கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் இலவச நோயாளிகளின் செலவை ஈடுகட்டினார்கள், இலவசப் பகுதியில் கட்டிலுக்குப் பதில் பாய் விரித்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் இறக்குமதியாகி ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். லென்ஸ் இல்லாமல் புரையை மட்டும் எடுத்துத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பினால் அந்தப் பார்வை அரைகுறைதான். அந்த அரைகுறையும் தவிர்க்கக்கூடியதே என்றான பிறகு தொழிற்சாலையைத் தவிர்க்க முடியவில்லை. மருத்துவமனை ஏன் உற்பத்தியில் இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்லே பதில் வைத்திருந்தது.

7. ஆனந்தில் மாட்டிக்கொண்ட பொறியாளர்

ஒப்பீட்டுக்கு மூன்றாவதாக ஒருவர், சுருக்கமாக. பின்னாளில் தேசியப் பால்வள வாரியத் தலைவரான வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தவர். பால் பற்றி எந்த ஆசையும் இல்லாமல், அரசு உதவித்தொகைக்கு ஈடான கட்டாயப் பணிக்காக 1949 மே 13 அன்று குஜராத்தின் ஆனந்த் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். எப்போது தப்பிப்போம் என்று நாள் எண்ணியதைத் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே 1946இல் பதிவான கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியம் பழைய இயந்திரங்களோடு தடுமாறிக்கொண்டிருந்தது. பழுதுபார்த்துக் கொடுத்தார். இதை ஒட்டுப்போட்டுப் பயனில்லை, புதிது வாங்குங்கள் என்றார். கட்டாயப் பணியிலிருந்து விடுதலை கிடைத்து மூட்டை கட்டியபோது, ஒன்றியத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல், புது இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை இருங்கள் என்றார். இருந்தார்.

இங்கே இரவும் இல்லை, மரணமும் இல்லை. பழுதான இயந்திரமும், மறுக்க முடியாத ஒரு மனிதரும் இருந்தார்கள். உழவர் கையில் அதிகாரம் என்ற குரியனின் பின்னாளைய முழக்கம் அந்த வேலையிலிருந்து முளைத்தது. முளைத்த பிறகு அது எவ்வளவு இறுகியது என்பதற்கும் சான்று உண்டு. தேசியப் பால்வள வாரியத் தலைமையில் தமக்குப் பின் வந்த அம்ரிதா படேல், மாநிலக் கூட்டுறவுகளோடு கூட்டு நிறுவனங்கள் அமைக்க முனைந்தபோது குரியன் அதைக் கூட்டுறவுக்கு எதிரான துரோகமாகக் கண்டார். ஐடாவைப் போலத் தப்பிக்க நினைத்துத் தொடங்கியவர், வடிவத்தைக் காக்கும் பீபாடியின் இடத்தில் முடித்தார் என்று சொல்லலாம். யார் சரி என்பது பால் விவகாரம் அறிந்தவர்கள் தீர்க்க வேண்டியது.

8. வராதவர்கள்

நோக்கத் தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. அரவிந்தே அதற்கு நேர்மையான சாட்சி.

முகாமுக்கு வந்தவர்களைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு அறுவை, எவ்வளவு செலவு. தொடக்க காலத்தில் அறுவைக்கு எழுதிக்கொடுத்தும் பலர் வரவில்லை என்பதைக் கண்டு காரணம் தேடினார்கள். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு ஆள், பயம். ஆகவே முகாமிலிருந்தே பேருந்தில் ஏற்றிப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இலக்கு இவ்வளவு தெளிவாக இருந்த ஒரு நிறுவனம், 1999இல் ஒரு கண் மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வில் தானும் பங்கேற்று ஒரு செய்தியைக் கண்டுகொண்டது. கிராமப்புறத்தில் கண் பிரச்சினை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். தொடங்கி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தவர்களை எண்ணிய கணக்கு துல்லியமாக இருந்ததால், வராதவர்கள் கணக்கிலேயே இல்லாமல் இருந்தார்கள்.

தலைமைபற்றிய நூல்கள் தொடாமல் விடும் இடம் இது. நோக்கம் சுருங்கிக் கூர்மையாகும்போதே பார்வையின் ஓரங்கள் மங்குகின்றன. ஐடாவுக்குச் சாலையோரக் கூட்டம் செய்ததை இங்கே ஓர் ஆய்வு செய்தது. 2004 முதல் அரவிந்த், நிரந்தரச் சிறு கண் மையங்களை ஊர்ப்புறங்களில் திறந்துவருகிறது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிக்கிறார், மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரை வழியே பார்த்துச் சொல்கிறார். முகாம் என்ற வடிவத்தால் உலகப் புகழ் பெற்றவர்கள் அந்த வடிவத்தையே நம்பியிருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டது, பீபாடி வழக்கின் மறுபதிப்பாக எனக்குப் படுகிறது.

அந்த 7 விழுக்காட்டைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரே போயிருந்தது. இரண்டு கண்ணிலும் பால் பூத்தது போலப் புரை ஏறியிருந்த பெரியம்மா மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஆட்டின் கயிறு.

“முகாமுக்குப் போகலையா பெரியம்மா?”

“போனா இன்னைக்கே பஸ்ஸுல ஏத்திட்டுப் போயிருவாகளாமே. மூணு நாளு ஆவுமாம். இந்தச் சினையாட்ட யார்றா பாப்பா?”

ஆடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டார்.